அட்வெஞ்சர் பைக்கின் அடிவயிற்றைக் காப்பது எப்படி: பேஷ் பிளேட் தேர்விலிருந்து வழியோரப் பழுது வரை

ஆஃப்ரோடு பாதையில் வண்டி சாய்ந்தால் கண்ணாடி உடையும், இண்டிகேட்டர் போகும், கிளட்ச் லீவர் வளையும். அவற்றோடு எப்படியாவது ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியான சம்ப்பில் விரிசல் விழுந்தால் கதை வேறு. ஆயில் இல்லாத இன்ஜினைத் தொடர்ந்து ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே பேரிங், கிராங்க் என்று சேதம் உள்ளே போய்விடும். ஓட்டாமல் நிறுத்தினால், ஆளரவமற்ற இடத்தில் 200 கிலோ வண்டியோடு நிற்க வேண்டும். ஆகவே புது அட்வெஞ்சர் பைக் வாங்கியவர் என்னிடம் எதை முதலில் மாட்டலாம் என்று கேட்டால், அடிப்பாதுகாப்பு என்றுதான் சொல்வேன். கூடுதல் விளக்கு, பெட்டி, உயரமான விண்ட்ஷீல்டு எல்லாம் அப்புறம்.

பேஷ் பிளேட், ஸ்கிட் பிளேட் என்று பல பெயர்களில் விற்பது ஒன்றைத்தான்: இன்ஜினின் அடியை மூடிக் காக்கும் தட்டு. இந்தக் கட்டுரையில் அதை அடித்தட்டு என்றே அழைக்கிறேன். பல வண்டிகளில் கம்பெனியே ஒரு தட்டு மாட்டித் தருகிறது. அது பெரும்பாலும் மெல்லிய அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். முன்சக்கரம் வாரி இறைக்கும் சரளைக் கல்லுக்கு அது போதும். பாறை விளிம்பில் வண்டி வயிறு பட இறங்கினால் அது தாங்காது.

வாங்கப் போகும்போது பலர் முதலில் கேட்பது தட்டு எத்தனை மி.மீ. தடிமன் என்பதை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அடி விழுந்தால் அந்த விசை தட்டிலிருந்து எங்கே போகும்? கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

வண்டியை நன்றாகக் கழுவி, உறுதியாக நிறுத்தி, டார்ச்சோடு கீழே படுங்கள். முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

முன்பக்கம் ரேடியேட்டரின் கீழ் மூலை, கூலன்ட் ஹோஸ்கள், சைலன்சரின் பெண்டு பைப்புகள், ஆக்சிஜன் சென்சாரின் ஒயர். இரட்டை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் ஆயில் ஃபில்டர் இன்ஜினின் முன்முகத்திலேயே, முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும். நடுவில் சம்ப், ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட், சில வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெட்டி. பக்கங்களில் கிளட்ச் கவர், மேக்னட் கவர், வாட்டர் பம்ப். பின்னால் ஷாக்கின் கீழ்முனை, அதைப் பின்சக்கரத்தின் ஆடும் கையோடு இணைக்கும் சஸ்பென்ஷன் லிங்கேஜ், சென்டர் ஸ்டாண்டின் கொக்கிகள், சைடு ஸ்டாண்டும் அதன் சுவிட்சும், பின் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர்.

இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இது உடைந்தால் வண்டி ஓடுமா? ஆயிலையும் கூலன்ட்டையும் தாங்குபவை முதல் வரிசை. பிரேக்கும் லிங்கேஜும் இரண்டாவது. பெண்டு பைப்பில் ஒரு பள்ளம் விழுந்தால் பார்க்க வருத்தமாக இருக்கும், வண்டி ஓடும், அது மூன்றாவது. தட்டு வாங்கும்போது முதல் வரிசையில் உள்ளவை எல்லாம் மூடப்படுகின்றனவா என்று இந்தத் தாளை வைத்துச் சரிபார்க்கலாம்.

ஏற்கனவே ஓட்டிய வண்டி என்றால் அடியில் உள்ள கீறல்களைக் கவனியுங்கள். எந்த இடத்தில், எந்தத் திசையில் கீறல் இருக்கிறது என்பது உங்கள் பாதையும் நீங்கள் ஓட்டும் விதமும் எங்கே அடிக்கின்றன என்பதைக் காட்டிக்கொடுக்கும். விளம்பரப் படத்தைவிட அந்தக் கீறல்களை நம்பலாம்.

படி 2: நிஜமான தரை இடைவெளியை அளங்கள்

யமஹா டெனேரே 700-க்கு 240 மி.மீ., ஹோண்டா ஆப்ரிக்கா ட்வினுக்கு 250, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு 230, சுசுகி வி-ஸ்ட்ரோம் 650-க்கு 170 என்று கம்பெனிகள் தரை இடைவெளியைக் குறிப்பிடுகின்றன. வண்டிகளை ஒப்பிட இந்த எண்கள் உதவும். பாறையின் மேல் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி வேறு.

நீங்களும் சாமான்களும் ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கும். ஆஃப்ரோடுக்கு இந்த அமுக்கத்தை மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வைப்பது வழக்கம். 200 மி.மீ. அசைவுள்ள வண்டியில் அது சுமார் 65 மி.மீ. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும் கணத்தில் மீதி 135 மி.மீ.யும் போய்விடும். 230 மி.மீ. இடைவெளி என்று காகிதத்தில் சொல்லும் வண்டிக்கும் அப்போது மிஞ்சுவது சில விரற்கடை. அந்தக் கணத்தில் ஒரு கல் அங்கே இருந்தால் அடி நிச்சயம்.

ஆகவே ரைடிங் உடை, ஹெல்மெட், சாமான் எல்லாவற்றோடும் வண்டியில் உட்காருங்கள். நண்பர் ஒருவர் டேப்பால் சம்ப்பின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தரை வரை அளக்கட்டும். அமுக்கம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதலில் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, சரிசெய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மெலிது என்று பொருள். பலர் இதை விட்டுவிட்டு நேராகக் கனமான தட்டைத் தேடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை எடைக்கேற்ற ஸ்பிரிங்தான் அடிப்பாதுகாப்பின் முதல் அடுக்கு. விழாத அடியை எந்தத் தட்டும் தாங்க வேண்டியதில்லை.

இன்னொன்று: தட்டும் அதன் பிராக்கெட்டும் சேர்ந்து 10 முதல் 25 மி.மீ. இடைவெளியைத் தின்னும். 170 மி.மீ. வண்டிக்கு இது பெரிய இழப்பு. அப்படிப்பட்ட வண்டியில் இன்ஜினை ஒட்டி வடிவமைத்த தட்டாகத் தேட வேண்டும்.

படி 3: அடி எப்படி விழுகிறது, விசை எங்கே போகிறது

அடிகள் இரண்டு வகை. ஒன்று, சக்கரம் எறியும் கல். அதன் எடை குறைவு, வேகம் அதிகம், படும் இடம் ஒரு புள்ளி. இதற்குத் தேவை மூடுபரப்பு. ஃபில்டரும் பெண்டு பைப்பும் கூலன்ட் ஹோஸும் நேரடியாகத் தெரியாமல் இருந்தாலே போதும், 3 மி.மீ. அலுமினியம்கூட இதைச் சமாளிக்கும்.

இரண்டாவது, வண்டியின் எடை முழுவதும் வயிற்றில் இறங்குவது. படிபோன்ற பாறையைத் தாண்டும்போது, சாய்ந்து கிடக்கும் மரத்தின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது இது நடக்கும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 300 கிலோ என்று வையுங்கள். 20 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கினால் சுமார் 590 ஜூல் ஆற்றல். ஒரு பகுதியை சஸ்பென்ஷனும் ஓட்டுபவரின் கால்களும் வாங்கிக்கொள்ளும். மீதி 300 ஜூலைத் தட்டு 10 மி.மீ. தூரத்துக்குள் நிறுத்த வேண்டியிருந்தால் சராசரி விசை 30,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய மூன்று டன். அதையே 30 மி.மீ. தூரத்தில் நிறுத்தினால் விசை ஒரு டன்னாகக் குறையும்.

இந்தக் கணக்கில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. தட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், தட்டு வளைய இடம் இருக்க வேண்டும் என்பது ஒன்று. சம்ப்பை ஒட்டிக்கொண்டு நிற்கும் தட்டு, அடியை அப்படியே சம்ப்புக்குக் கடத்திவிடும். குறைந்தது 10 முதல் 15 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். தரை இடைவெளி குறைந்த வண்டிகளில் இந்த இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று மோதும். அங்கே தட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே அடர்த்தியான ரப்பர் வைத்து, அடி ஒரு புள்ளியில் குவியாமல் பரவ வைப்பது ஒரு சமரசம்.

இரண்டாவது பாடம் பிடிமானம் பற்றியது. அந்த ஒரு டன் விசை கடைசியில் தட்டைப் பிடித்திருக்கும் நான்கைந்து போல்ட்டுகளுக்குத்தான் வரும். அவை எதில் பூட்டப்பட்டிருக்கின்றன?

இன்ஜினுக்கு அடியில் இரும்புக் குழாய்களால் ஆன தொட்டில் போன்ற சேசி இருந்தால் நல்லது. தட்டை அந்தக் குழாய்களில் பட்டைக் கிளாம்ப் அல்லது பிராக்கெட் கொண்டு பூட்டலாம். விசை சேசிக்குப் போகும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. டெனேரே 700, ஆப்ரிக்கா ட்வின் போன்றவை இந்த வகை. இன்ஜினே சேசியின் ஒரு பகுதியாக இருந்து, கீழே குழாய் எதுவும் இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் தட்டை இன்ஜின் வார்ப்பில் உள்ள திருகு துளைகளிலோ இன்ஜினைத் தாங்கும் பெரிய போல்ட்டுகளிலோதான் பூட்ட முடியும். பெரிய இன்ஜின் போல்ட்டுகளைப் பயன்படுத்தும் வடிவமைப்பு ஏற்கத்தக்கது. சம்ப்பிலோ சிறிய கவரிலோ உள்ள எம்6 (6 மி.மீ. போல்ட்) துளைகளை மட்டும் நம்பும் வடிவமைப்பு எனக்குப் பிடிக்காது. அடி பலமாக விழுந்தால் தட்டு நன்றாக இருக்கும்; அதைப் பிடித்திருந்த வார்ப்புக் காது இன்ஜினிலிருந்து பிய்ந்து வந்துவிடும். வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்காது, உடையும். தட்டே இல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் சேதத்தைவிட அது பெரிது.

இந்த வகை வண்டிக்கு பிராக்கெட் தட்டைவிட மெல்லியதாக இருப்பது நல்லது. பெரிய அடியில் முதலில் வளைய வேண்டியது பிராக்கெட், பிறகு தட்டு. இன்ஜின் காது கடைசி வரை தாங்க வேண்டும். பிராக்கெட்டைத் தனியாக மாற்றித் தரும் தயாரிப்பாளரைத் தேர்ந்தெடுங்கள்.

கிராஷ் கார்டும் (வண்டி விழுந்தால் பக்கங்களைக் காக்கும் கம்பிச் சட்டம்) தட்டும் ஒரே போல்ட்டைப் பங்கிடுகின்றனவா என்றும் பாருங்கள். பங்கிட்டால் கார்டின் மேல் விழும் பக்க அடி தட்டையும் இழுக்கும். தவிர்க்க முடியாவிட்டால், கம்பெனி போல்ட்டையே போட்டு இழுத்துக் கட்டாமல், கூடிய தடிமனுக்கு ஏற்ற நீளமான போல்ட் போட வேண்டும்.

படி 4: எந்தப் பொருள்?

அலுமினியம்தான் பெரும்பாலோருக்கு ஏற்றது. கடைகளில் இரண்டு கலவைகள் அதிகம் வரும். 5052 நன்றாக வளையும், வெல்டிங் ஏற்கும், அடிபட்டால் பள்ளம் விழும், எளிதில் வெடிக்காது. 6061-டி6 அதைவிட வலிமையானது, ஆனால் கூர்மையாக மடித்தால் மடிப்பில் விரிசல் காணும்; வெல்டு செய்த இடத்தைச் சுற்றி அதன் வலிமை கணிசமாகக் குறையும். பல மடிப்புகள் கொண்ட தட்டு 5052-இலும், தட்டையான துண்டுகளைப் போல்ட்டால் இணைத்த தட்டு 6061-இலும் இருந்தால் வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

தடிமனில் ஒரு கணக்கு முக்கியம். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியில் கூடும். 3 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ.க்குப் போனால் எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும், விறைப்போ சுமார் 2.4 மடங்கு ஆகும். மண்பாதை, சரளை என்றால் 3 போதும். பாறையில் ஓட்டுபவர் 4-க்குப் போங்கள். 5-க்கு மேல் பெரும்பாலும் வீண் எடை; அந்த விறைப்பு எல்லாம் பிராக்கெட்டின் தலையில்தான் விழும்.

இரும்பு வலிமையானது, எங்கேயும் வெல்டு செய்யலாம், கடினப் பாறையில் தேயாது. எடைதான் சிக்கல். கால் சதுர மீட்டர் பரப்புள்ள தட்டு 4 மி.மீ. அலுமினியத்தில் 2.7 கிலோ, 3 மி.மீ. இரும்பில் 5.9 கிலோ. அந்த எடை வண்டியின் அடியில் இருப்பதால் ஓட்டும்போது அவ்வளவு தெரியாது என்பது உண்மைதான். விழுந்த வண்டியைத் தூக்கும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

பிளாஸ்டிக் என்றவுடன் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. எச்டிபிஇ, அதைவிடத் தேய்மானம் தாங்கும் யுஎச்எம்டபிள்யூ வகைத் தடித்த பிளாஸ்டிக் தட்டுகள் கடினமான எண்டியூரோ (நீண்ட ஆஃப்ரோடு) பந்தயங்களில் பரவலாகப் பயன்படுகின்றன. காரணம் எளிது. மென்மையான அலுமினியத்தைப் பாறையின் கூர்முனை உழுது பிடித்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு போகும். அடித்தால் சத்தமும் குறைவு, வளைந்து மீண்டும் பழைய வடிவுக்கு வரும். 10 மி.மீ. தடிமனிலும் கால் சதுர மீட்டருக்கு 2.4 கிலோதான்.

அதன் எதிரி வெப்பம். எச்டிபிஇ ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். பெண்டு பைப்போ பல நூறு டிகிரிக்குப் போகும். ஆகவே பைப் கீழே ஓடும் வண்டிகளில் போதிய இடைவெளியும் வெப்பத் தடுப்பும் இல்லாமல் பிளாஸ்டிக் தட்டு கூடாது. வெப்பத்தில் நீள்வதும் அதிகம்: அரை மீட்டர் தட்டு 40 டிகிரி சூடேறினால் அலுமினியம் அரை மி.மீ. நீளும், எச்டிபிஇ 2 முதல் 4 மி.மீ. வரை நீளும். போல்ட் துளைகள் நீள்வட்டமாக இல்லாத பிளாஸ்டிக் தட்டு கொஞ்ச நாளில் துளையோரம் கிழியும்.

பெரிய இரட்டை சிலிண்டர் வண்டிக்கு என் விருப்பம் 4 மி.மீ. அலுமினியத் தட்டு, அதன் அடிப்பரப்பில் மட்டும் போல்ட்டால் இணைத்த பிளாஸ்டிக் தேய்பலகை. தேய்ந்தால் பலகையை மட்டும் மாற்றலாம். கார்பன் ஃபைபர் ரேலி வண்டிகளுக்கு அழகாகப் பொருந்தும், எடை மிகக் குறைவு. பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிபட்டால் வளையாமல் உடையும், வழியில் தட்டி நிமிர்த்த முடியாது.

படி 5: வடிவத்தைச் சோதியுங்கள்

முன்விளிம்பு பெண்டு பைப்புகளையும் ஃபில்டரையும் தாண்டி மேலே ஏறியிருக்க வேண்டும். கீழே தட்டையான நுனியோடு நின்றுவிடும் தட்டு, வேரிலும் கல்லிலும் மாட்டிக்கொண்டு உள்ளே மடங்கும். பின்விளிம்பும் கொஞ்சம் மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும். பாறையில் மாட்டிய வண்டியைப் பின்னால் இழுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

பக்கங்கள் கிளட்ச் கவர், மேக்னட் கவர், வாட்டர் பம்ப்பின் கீழ்ப்பாதி வரை ஏறினால் நல்லது. பின்னால் தட்டு எங்கே முடிகிறது, லிங்கேஜ் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நடுவில் உள்ள அந்த வெற்றிடத்தில்தான் மரத்தடியின் விளிம்பு வந்து உட்காரும்.

போல்ட் தலைகள் தட்டின் பரப்புக்கு உள்ளே பதிந்திருக்க வேண்டும். வெளியே துருத்தும் தலை முதல் பாறையிலேயே தேய்ந்து உருண்டையாகிவிடும். அப்புறம் ஆயில் மாற்ற ட்ரில் எடுக்க வேண்டியிருக்கும்.

ட்ரெயின் போல்ட்டுக்கு நேரே துளை இருக்க வேண்டுமா என்பதில் ஓட்டுபவர்களுக்குள் எப்போதும் வாக்குவாதம். துளை இருந்தால் ஆயில் மாற்றுவது எளிது. எனக்குத் துளையில்லாத தட்டே பிடிக்கும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் தட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், பிராக்கெட்டையும் சம்ப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். ஆனால் சேறும் தண்ணீரும் வடியச் சிறு துளைகள் கட்டாயம் வேண்டும், மிகத் தாழ்ந்த இடத்தில்.

படி 6: மாட்டுதல்

1. இன்ஜின் முழுதாக ஆறட்டும். பழைய தட்டைக் கழற்றி, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி வையுங்கள். நீளங்கள் வேறுபடும், நீளமான போல்ட்டைக் குறுகிய துளையில் போட்டு முறுக்கினால் வார்ப்பு உடையும்.

2. திருகு துளைகளைத் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்து, போல்ட்டைக் கையாலேயே முழுதும் திருகிப் பாருங்கள். கையால் போகாத போல்ட்டை ஸ்பானரால் போக வைக்கக் கூடாது.

3. பிராக்கெட்டுகளை மாட்டி, போல்ட்டுகளை இரண்டு மூன்று சுற்று மட்டும் திருகுங்கள். தட்டை ஜாக் அல்லது மரக்கட்டையால் தூக்கிப் பிடித்து, அதன் போல்ட்டுகளையும் அதே மாதிரி தளர்வாகவே போடுங்கள். எல்லாப் போல்ட்டும் ஏறிய பிறகுதான் இறுக்கம். முதல் போல்ட்டை இறுக்கிவிட்டுக் கடைசிப் போல்ட்டுக்குத் துளை சேராமல் தட்டை நெம்புவது, பிராக்கெட்டை முதல் நாளிலேயே இழுவையில் வைப்பது.

4. ஒரு போல்ட்டுக்கு ஒரு திரவம்தான். அதிர்வில் கழலக் கூடியதற்கு நடுத்தர வலிமை த்ரெட்லாக், நீல நிறத்தில் வருவது. அலுமினியத்துக்குள் போகும் எஃகுப் போல்ட் அரிப்பில் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தால் ஆன்ட்டி-சீஸ். இரண்டையும் கலக்கக் கூடாது. ஆன்ட்டி-சீஸ் தடவினால் உராய்வு குறையும், அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவில்) போல்ட் அதிகம் இழுபடும். ஆகவே டார்க்கைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

5. டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். பொதுவாக எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 20 முதல் 25 வரை. இன்ஜின் வார்ப்பில் ஏறும் போல்ட்டுக்கு சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்தான் இறுதி.

6. தட்டுக்கும் சம்ப்புக்கும், தட்டுக்கும் பைப்புக்கும் உள்ள இடைவெளியைக் கையால் தடவிப் பாருங்கள். ஒயரோ ஹோஸோ நசுங்கியிருக்கிறதா?

7. இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை: முன்சக்கரம் முழுதாக மேலே வந்தால் டயரோ மட்கார்டோ தட்டின் முன்விளிம்பில் இடிக்குமா என்று பாருங்கள். கொக்கிப் பட்டையால் ஃபோர்க்கை 100 மி.மீ. அமுக்கி, டயருக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் மீதி அசைவுக்குக் கணக்கிடலாம். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். கட்டை கட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் நாபி டயர் சாலை டயரைவிட உயரம். எந்த டயரோடு ஓட்டுவீர்களோ அதோடு அளங்கள்.

8. முதல் பயணம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி சோதித்து, பெயின்ட் பேனாவால் தலையிலிருந்து தட்டுக்கு ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

மாட்டிய பிறகு இன்ஜின் சத்தம் மாறும். தட்டு கீழே போகும் சத்தத்தை மேலே திருப்பி அனுப்புவதால், இதுவரை கேட்காத டிக்டிக் ஒலிகள் காதுக்கு வரும். பயப்பட வேண்டாம். தொந்தரவாக இருந்தால் தட்டின் உட்புறம் வெப்பம் தாங்கும், மூடிய துளைகள் கொண்ட ஃபோம் ஒட்டலாம். சாதாரண ஸ்பாஞ்ச் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். சூடான பைப்புக்குப் பக்கத்தில் அது தீக்கு வழி.

தீ என்றதும் ஒன்று. உயரமான காய்ந்த புல்லில் ஓட்டினால் தட்டுக்கும் பைப்புக்கும் நடுவே புல் திணிந்துகொள்ளும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கீழே உள்ள வண்டிகளில் அது புகைந்து பற்றக் கூடும். அப்படிப்பட்ட பாதையில் அடிக்கடி நிறுத்தி வாரி எடுங்கள், நிறுத்தும் இடமும் புல் இல்லாததாக இருக்கட்டும். சேறு வேறு விதத் தொல்லை: தட்டில் காய்ந்து கட்டியாகி, காற்றோட்டத்தை அடைத்து, கிலோக் கணக்கில் எடை கூட்டும். ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் உட்புறத்தைக் கழுவ வேண்டும்.

படி 7: தட்டுக்கு வெளியே உள்ளவை

லிங்கேஜ் தாழ்வாகத் தொங்கினால் அதற்குத் தனி கார்டு அல்லது பின்னால் நீளும் தட்டு. ரேடியேட்டருக்கு அலுமினிய வலை. சைடு ஸ்டாண்டு சுவிட்சுக்கு ஒரு சிறு கவசம். ஒரு கல் அதைப் பிய்த்தால் கியர் போட்டதும் இன்ஜின் அணையும், காரணம் புரியாமல் பாதி நாள் போகும். பின் பிரேக் பெடலின் நுனியிலிருந்து சேசிக்கு ஒரு மெல்லிய கம்பிக் கயிறு கட்டினால் குச்சி நுழைந்து பெடலை வெளியே இழுக்காது. கியர் லீவரின் நுனி மடங்கும் வகையாக இருக்கட்டும்.

சென்டர் ஸ்டாண்டைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு: கரடுமுரடான பாறைப் பாதைக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடுங்கள். தட்டு வழுக்கிக் கடக்கும் இடத்தில் ஸ்டாண்டின் கொக்கி மாட்டிக்கொள்ளும். நெடும்பயணத்தில் பஞ்சர் ஒட்ட அது பெரும் உதவி என்பதும் உண்மை. உங்கள் பாதையில் எது அதிகம் என்று பார்த்து முடிவெடுங்கள்.

ஓட்டும் விதமும் இதில் சேரும். கல்லை வயிற்றுக்கு அடியில் விட்டுக் கடக்காமல், ஏறக்கூடிய கல் என்றால் டயரை அதன் மேலேயே ஏற்றுங்கள், முடியாதென்றால் விலகிப் போங்கள். படியிலிருந்து இறங்கும் கணத்தில் முன் பிரேக் பிடித்தால் ஃபோர்க் அமுங்கி, இருக்கும் கொஞ்ச இடைவெளியும் போகும். ஃபுட்ரெஸ்டில் நின்று முழங்காலை மடக்கி வையுங்கள்.

படி 8: அடிபட்ட பிறகு

பலத்த சத்தம் கேட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் கீழே பாருங்கள். தட்டு சம்ப்பைத் தொடுகிறதா, போல்ட் ஏதும் காணாமல் போயிருக்கிறதா, எங்காவது ஈரம் தெரிகிறதா? தட்டு சம்ப்பைத் தொட்டபடி தொடர்ந்து ஓட்டக் கூடாது. அதிர்வில் அது தேய்த்துக்கொண்டே இருக்கும், அடுத்த அடி நேராக உள்ளே போகும். கழற்றித் தட்டையான கல்லின் மேல் வைத்து, மரக்கட்டை கொடுத்துத் தட்டி நிமிர்த்துங்கள். ஒரே இடத்தை மறுபடி மறுபடி நிமிர்த்தினால் அலுமினியம் அங்கே இறுகி வெடிக்கும். பிராக்கெட் மூலைகளில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பிராக்கெட் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆயில் கசிந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். ஆயில் விளக்கு எரியும் வரை காத்திருக்கக் கூடாது. அழுத்தம் விழுந்த பிறகுதான் அது எரியும்.

கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிப்பது அடுத்தது, ஏனென்றால் வழியில் என்ன செய்ய முடியும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். சம்ப்பிலும் கிளட்ச் கவரிலும் ஆயில் அழுத்தத்தில் இல்லை, சும்மா தேங்கியும் தெறித்தும் இருக்கிறது. அங்கே விழுந்த விரிசலை இரண்டு பகுதி எபாக்சிப் புட்டியால் அடைத்தால் நிற்கும். ஃபில்டரிலும் ஆயில் கூலர் குழாயிலும் ஆயில் பம்ப்பின் முழு அழுத்தமும் இருக்கிறது. அங்கே புட்டி பீய்ச்சி வெளியே வந்துவிடும். ஃபில்டர் வெளியே தெரியும் வண்டி என்றால் ஒரு புது ஃபில்டரும் ஒரு லிட்டர் ஆயிலும் பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சம்ப் விரிசலுக்கு: இன்ஜின் ஆறியதும் வண்டியை விரிசல் மேலே வரும்படி மெதுவாகப் படுக்க வையுங்கள். பெட்ரோல் டேங்க் மூடியிலும் பேட்டரியிலும் கசிவு வராமல் கவனம். மிச்ச ஆயிலைத் துணியால் துடைத்து, பிரேக் கிளீனரால் அலசி, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் புட்டி ஒட்டாது. வேலையில் பாதி இந்தச் சுத்தம்தான். புட்டியை ஒரே நிறமாகும் வரை பிசைந்து, விரிசலுக்குள் அழுத்தி, ஓரங்களை மெல்லியதாக இழுத்துவிடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் காய விடுங்கள். குளிரில் அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

அப்புறம் வண்டியை நிமிர்த்தி, ஆயில் ஊற்றி, அளவு பார்த்து, ஒரு நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். ஆயில் விளக்கு அணைந்து, புட்டி ஓரம் உலர்ந்தே இருந்தால் தட்டை மாட்டி, குறைந்த ஆர்பிஎம்மில், சில கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்த்தபடி தார்ச்சாலை வரை வரலாம். பணிமனைக்குப் போனதும் அந்தச் சம்ப்பை மாற்றச் சொல்லுங்கள், உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று ஆயிலையும் வடிகட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.